வீட்டு வலையமைப்பில் கோப்பு, அச்சுப்பொறிப் பகிர்வின் வரலாறு

ஒரு வீட்டில் அல்லது ஒரே கட்டடத்தில் உள்ள கணினிகள் தம்மிடமுள்ள கோப்புகளையும், தம்மோடு இணைந்த அச்சுப்பொறியையும் மற்றக் கணினிகள் பயன்படுத்த இடம் கொடுப்பதே கோப்பு, அச்சுப்பொறிப் பகிர்வு எனப்படும். அப்பாவின் மேசைக்கணினியில் உள்ள நிழற்படத்தை மகள் தன் மடிக்கணினியில் பார்ப்பதும், கூடத்தில் உள்ள ஒரே அச்சுப்பொறியில் அறையிலிருந்தபடியே தேர்வுக்கான நுழைவுச்சீட்டை அச்சிடுவதும் இதில் அடங்கும்.

இன்று இது மிகச் சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் இதன் பின்னே ஏறத்தாழ ஐம்பது ஆண்டு வரலாறு உள்ளது. அந்த வரலாற்றில் இரண்டு கேள்விகள் மீண்டும் மீண்டும் எழுந்தன. கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழி யாருக்குச் சொந்தம் என்பது முதல் கேள்வி. பகிர்வதற்காகத் திறந்து வைத்த கதவை யாருக்கெல்லாம் திறப்பது என்பது இரண்டாவது கேள்வி. இவ்விரண்டுக்கும் காலந்தோறும் சொல்லப்பட்ட விடைகளே இக்கட்டுரையின் பொருள்.

வலையமைப்புக்கு முந்தைய காலம்

ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கோப்பைக் கொண்டு செல்ல நெடுங்காலம் ஒரே வழிதான் இருந்தது. கோப்பைப் பிளாப்பி வட்டில் பதிந்து, கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். பள்ளிக் கணினி அறைகளில் பல கணினிகள் இருந்தாலும் அச்சுப்பொறி ஒன்றுதான் இருக்கும். அது இணைக்கப்பட்ட கணினியின் முன்னால் மாணவர்கள் வட்டுடன் வரிசையில் நிற்பார்கள். ஒருவருடைய வட்டில் வைரஸ் இருந்தால், அது வரிசை முழுவதற்கும் பரவும்.

இம்முறையில் இன்னொரு குறையும் உண்டு. ஒரே கோப்புக்கு நான்கு படிகள் உண்டாகிவிடும். ஒருவர் தம் படியைத் திருத்துவார். மற்றொருவர் பழைய படியிலேயே வேலையைத் தொடர்வார். எது கடைசியாகத் திருத்தப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. கோப்பு ஓர் இடத்தில் இருக்க, எல்லோரும் அங்கே சென்று அதைப் பயன்படுத்தும் ஏற்பாடு தேவைப்பட்டது.

அச்சுப்பொறியோடு சேர்ந்து வளர்ந்த கம்பி

இன்று உலகெங்கும் பயன்படும் ஈதர்நெட் என்னும் கம்பி வலையமைப்பின் பிறப்பிலேயே அச்சுப்பொறிக்குப் பங்கு உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள பாலோ ஆல்ட்டோவில், ஜெராக்ஸ் நிறுவனம் 1970 ஆம் ஆண்டு ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கியது. அங்கே 1973இல் ஆல்ட்டோ என்ற கணினி உருவானது. ஒருவர் தம் மேசையிலேயே வைத்துத் தனியாகப் பயன்படுத்தும் வகையில் அது அமைந்தது. அதே மையத்தில் கேரி ஸ்டார்க்வெதர் லேசர் அச்சுப்பொறியை உருவாக்கிக்கொண்டிருந்தார்.

கணினி ஆளுக்கொன்று கொடுக்கலாம். ஆனால் பேருருவம் கொண்ட, மிகுந்த விலையுள்ள லேசர் அச்சுப்பொறியை ஆளுக்கொன்று கொடுக்க இயலாது. எனவே எல்லா ஆல்ட்டோ கணினிகளையும் ஒன்றோடொன்றும், அச்சுப்பொறியோடும் இணைக்கும் வழி வேண்டியிருந்தது. ராபர்ட் மெட்காஃப் 1973 மே மாதத்தில் எழுதிய குறிப்பில் ஈதர்நெட்டுக்கான கருத்தை முன்வைத்தார். முதல் ஈதர்நெட் வினாடிக்கு 29.4 இலட்சம் பிட்டுகளைக் கடத்தியது. இன்றைய வீட்டு ரவுட்டரோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. அன்றைக்கோ இது வியப்பூட்டும் வேகம்.

விலை உயர்ந்த ஒன்றைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற தேவையே கணினிகளை ஒன்று சேர்த்தது. ஊர்ப் பொதுக்கிணற்றைப் போல அச்சுப்பொறி நடுவில் இருந்தது. அதை நோக்கிப் பாதைகள் அமைந்தன.

தாள் சிக்கிய அச்சுப்பொறி

பகிரப்பட்ட ஓர் அச்சுப்பொறி வேறொரு பெரிய இயக்கத்துக்கும் காரணமாக அமைந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்ற நிரலாளர் பணியாற்றினார். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் அடிக்கடித் தாள் சிக்கும். அச்சிடச் சொன்னவர் வேறு அறையில் இருப்பார். நெடுநேரம் கழித்து வந்து பார்த்தால், தாள் சிக்கி வேலை அப்படியே நிற்கும். ஸ்டால்மன் அந்த அச்சுப்பொறியின் மென்பொருளைத் திருத்தினார். தாள் சிக்கியதும், அச்சுக்காகக் காத்திருப்பவர்களின் கணினித் திரையில் செய்தி தோன்றும்படி செய்தார். யாராவது ஒருவர் எழுந்து சென்று சரிசெய்துவிடுவார்.

1980ஐ ஒட்டிய காலத்தில் ஜெராக்ஸ் நிறுவனம் அந்த ஆய்வகத்துக்கு ஒரு புதிய லேசர் அச்சுப்பொறியை வழங்கியது. அதிலும் தாள் சிக்கியது. ஆனால் அதன் மூலநிரல் தரப்படவில்லை. எனவே ஸ்டால்மனால் பழைய உதவியை அதில் சேர்க்க முடியவில்லை. மூலநிரல் வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தவரிடம் கேட்டபோது, யாருக்கும் தருவதில்லை என்று ஒப்பந்தம் செய்திருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். இந்த மறுப்பு தம்மை ஆழமாகப் பாதித்ததாக ஸ்டால்மன் பின்னர் பலமுறை கூறியுள்ளார். 1983 செப்டம்பரில் அவர் குனூ திட்டத்தை அறிவித்தார். கட்டற்ற மென்பொருள் இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது.

பொருள் பலருக்குப் பொதுவாக இருந்தால் மட்டும் போதாது, அதை இயக்கும் அறிவும் பொதுவாக இருக்க வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டியது.

எஸ்எம்பி: பகிர்வுக்கு ஒரு மொழி

இரு கணினிகளைக் கம்பியால் இணைத்துவிட்டால் மட்டும் அவை பேசிக்கொள்ளா. இந்தக் கோப்பைத் திற, இத்தனை எழுத்துகளைப் படி, இப்போது மூடு என்பன போன்ற கட்டளைகளை இரண்டும் ஒரே முறையில் புரிந்துகொள்ள வேண்டும். இந்த உடன்பாட்டை நெறிமுறை என்கிறோம். நெறிமுறையைக் கணினிகளின் மொழி என்று கொள்ளலாம்.

ஐபிஎம் நிறுவனம் 1981இல் தன் பீசி கணினியை வெளியிட்டது. 1984இல் பீசிகளை இணைக்கும் வலையமைப்பையும் விற்கத் தொடங்கியது. அந்நிறுவனத்தைச் சேர்ந்த பாரி ஃபைகன்பாம், வேறு கணினியில் உள்ள கோப்பைத் தன் கணினியில் உள்ளதுபோலவே பயன்படுத்தும் நெறிமுறையை வடிவமைத்தார். முதலில் அவருடைய பெயரின் முதலெழுத்துகளே அதற்குப் பெயராக இருந்தன. பின்னர் 'சர்வர் மெசேஜ் பிளாக்' என்று மாற்றப்பட்டது. சுருக்கமாக எஸ்எம்பி. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இதை எடுத்து விரிவாக்கியது. விண்டோஸ் கணினிகள் இன்றளவும் கோப்புகளைப் பகிர்ந்துகொள்வது இம்மொழியின் புதிய வடிவங்களில்தான்.

அதே காலத்தில் வேறு மொழிகளும் தோன்றின. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் யூனிக்ஸ் கணினிகளுக்காக என்எஃப்எஸ் என்ற நெறிமுறையை உருவாக்கியது. அதன் விதிகள் 1989இல் பொது ஆவணமாக வெளியாயின. ஆப்பிள் நிறுவனம் ஆப்பிள்டாக் என்ற நெறிமுறையைக் கொண்டுவந்தது. 1985இல் அது வெளியிட்ட லேசர்ரைட்டர் அச்சுப்பொறியின் விலை 6,995 டாலர். ஒருவர் மட்டும் பயன்படுத்த வாங்கும் விலை அன்று அது. பல மேக்கின்டாஷ் கணினிகள் அதைப் பகிர்ந்துகொள்ள முடிந்ததால்தான் சிறிய அலுவலகங்களால் அதை வாங்க முடிந்தது.

ஆக, மூன்று குடும்பங்கள், மூன்று மொழிகள். ஒரு குடும்பத்தின் கணினி மற்றொரு குடும்பத்தின் கணினியோடு பேச இயலாத நிலை.

வீட்டுக்குள் நுழைதல்

தொடக்கத்தில் பகிர்வுக்கென்றே ஒரு தனிக் கணினியை ஒதுக்கும் வழக்கம் இருந்தது. அதனை வழங்கி என்பர். நோவெல் நிறுவனத்தின் நெட்வேர் இவ்வகையில் புகழ்பெற்றது. நிறுவனங்களுக்கு இது பொருந்தும். வீட்டுக்கு எதற்கு ஒரு தனி வழங்கி?

இதற்கு விடையாக, சமநிலைப் பகிர்வு என்ற முறை வந்தது. இதில் எந்தக் கணினியும் கொடுக்கலாம், எந்தக் கணினியும் பெறலாம். 1991இல் வெளியான ஆப்பிளின் சிஸ்டம் 7 இயங்குதளத்தில் இவ்வசதி இருந்தது. 1992 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட 'விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ்' இதனை விண்டோஸ் பயனர்களுக்குக் கொண்டுவந்தது. 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95, திரையிலேயே 'நெட்வொர்க் நெய்பர்ஹுட்' என்ற படக்குறியை வைத்தது. அக்கம்பக்கம் என்பது அதன் பொருள். அதைச் சொடுக்கினால் அருகிலுள்ள கணினிகளின் பெயர்கள் தெரியும். ஒன்றைத் திறந்தால், அது பகிர்ந்துள்ள கோப்புறைகளும் அச்சுப்பொறிகளும் தெரியும்.

பின்னர் வைஃபை வந்தது. 1999இல் வெளியான 802.11பி தரத்துக்குப் பிறகு வீடுகளில் கம்பி இழுக்கும் தேவையும் குறைந்தது. இணைய இணைப்புக்காக வாங்கிய ரவுட்டர், வீட்டுக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வேலையையும் சேர்த்துச் செய்தது.

சம்பா: கேட்டுக் கற்ற மொழி

வெவ்வேறு குடும்பக் கணினிகளைப் பேசவைத்த கதை ஆஸ்திரேலியாவில் தொடங்குகிறது. 1991 டிசம்பரில், கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பவர் முனைவர் பட்ட ஆய்வு மாணவராக இருந்தார். தம் பீசியிலிருந்து பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் கணினியில் இருந்த கோப்புகளைப் பயன்படுத்த விரும்பினார். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் பாத்வொர்க்ஸ் மென்பொருள் பேசிய மொழியை அவர் கற்க வேண்டியிருந்தது.

அதற்கான கையேடு அவரிடம் இல்லை. எனவே, இரு கணினிகளுக்கிடையே கம்பியில் போய்வரும் தரவுகளைக் கவனித்தார். இன்ன கேள்விக்கு இன்ன பதில் என்று குறித்துக்கொண்டார். அதைக்கொண்டு, அதே பதிலைத் தரும் நிரலைத் தாமே எழுதி, 1992 சனவரியில் இலவசமாக வெளியிட்டார். மொழி தெரியாத ஒருவர் பிரெஞ்சு உணவகத்தில் அமர்ந்து, வாடிக்கையாளர் சொல்வதையும் அதற்கு வந்து சேரும் பண்டத்தையும் பார்த்துப் பார்த்து மொழியைக் கற்பதோடு, பிற்காலத்தில் அவர் தம் முறையை ஒப்பிட்டார். குழந்தை தாய்மொழி கற்பதும் இப்படித்தான் அல்லவா?

தாம் கற்றது எஸ்எம்பி மொழி என்பது அப்போது அவருக்கே தெரியாது. ஏறத்தாழ இரண்டாண்டுகள் அந்த நிரலை அவர் மறந்தே இருந்தார். பிறகு ஒருநாள் தம் வீட்டில், மனைவியின் விண்டோஸ் கணினியைத் தம் லினக்ஸ் கணினியோடு இணைக்க வேண்டியிருந்தது. வேறு வழி இல்லாமல் பழைய நிரலை ஓட்டிப் பார்த்தார். அது வேலை செய்தது. அந்த வீட்டுத் தேவையிலிருந்து திட்டம் மீண்டும் உயிர்பெற்றது. 1994இல் அதற்குப் புதிய பெயர் தேவைப்பட்டது. எஸ், எம், பி ஆகிய எழுத்துகள் அதே வரிசையில் வரும் சொற்களை ஆங்கிலச் சொற்பட்டியலில் தேடினார். கிடைத்தவற்றுள் ஒன்று 'சம்பா'. பிரேசில் நாட்டு நடனத்தின் பெயரான அதுவே நிலைத்தது. நம் நெல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சம்பா கட்டற்ற மென்பொருளாக வளர்ந்தது. எந்த லினக்ஸ் கணினியும் விண்டோஸ் கணினியோடு பேச அது உதவியது. சென்னையில் உள்ள சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு அடிப்படையான டெபியன் இயங்குதளத்திலும் சம்பா இடம்பெற்றுள்ளது.

மொழி யாருக்குச் சொந்தம்?

சம்பா குழுவினர் கவனித்துக் கவனித்தே கற்றதால், விண்டோஸின் ஒவ்வொரு புதிய பதிப்பும் அவர்களுக்குப் புதிய புதிராக இருந்தது. நெறிமுறையின் முழு விவரம் மைக்ரோசாஃப்டிடம் மட்டுமே இருந்தது. சன் நிறுவனம் 1998இல் ஐரோப்பிய ஆணையத்திடம் இது குறித்து முறையிட்டது. 2004 மார்ச்சு 24 அன்று ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்தது. விண்டோஸோடு மற்ற வழங்கிகள் இணைந்து இயங்கத் தேவையான விவரங்களைப் போட்டியாளர்களுக்குத் தர வேண்டும் என்றும் ஆணையிட்டது. மைக்ரோசாஃப்ட் மேல்முறையீடு செய்தது. 2007 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் இவ்வாணையை உறுதிசெய்தது.

அதே ஆண்டு டிசம்பரில், 10,000 யூரோவை ஒரே தவணையாகச் செலுத்தி, நெறிமுறை ஆவணங்களைப் பெறச் சம்பா குழுவுக்காக ஓர் அமைப்பு ஒப்பந்தம் செய்தது. 2008இல் மைக்ரோசாஃப்ட் தன் நெறிமுறை ஆவணங்களைப் பல்லாயிரம் பக்கங்களாக இணையத்திலேயே வெளியிட்டது. 2011இல் சம்பாவுக்கு அந்நிறுவனமே நிரல் அனுப்பியது. ஒட்டுக்கேட்டுக் கற்க வேண்டியிருந்த மொழிக்கு இலக்கண நூல் கிடைத்தது எனலாம்.

அச்சுப்பொறிகளின் பொதுமொழி

அச்சுப்பொறிகளிலும் இதே சிக்கல் இருந்தது. நிறுவனத்துக்கு நிறுவனம் முறை வேறுபட்டது. ஒவ்வோர் அச்சுப்பொறிக்கும் தனி இயக்கி நிரலை ஒவ்வொரு கணினியிலும் நிறுவ வேண்டும். குறுவட்டு தொலைந்தால் அச்சுப்பொறி வெறும் பெட்டிதான்.

பல நிறுவனங்கள் கூடி வகுத்த ஐபிபி என்னும் இணைய அச்சு நெறிமுறை 1999இல் வெளியானது. அதே ஆண்டில் மைக்கேல் சுவீட் உருவாக்கிய கப்ஸ் என்ற அச்சு மென்பொருளும் வெளிவந்தது. யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகள் அதன்வழி ஐபிபி பேசின. 2002இல் ஆப்பிளும் கப்ஸைத் தன் மேக் இயங்குதளத்தில் ஏற்றது.

அந்த 2002ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே, அருகிலுள்ள கருவிகள் தாமாகவே தம்மை அறிவித்துக்கொள்ளும் முறையும் வந்தது. ஸ்டூவர்ட் செஷயர் இதன் முதன்மை வடிவமைப்பாளர். இன்று இது போன்ஜூர் எனப்படுகிறது. வலையமைப்பில் இணைந்ததும், "நான் அச்சுப்பொறி, இங்கே இருக்கிறேன்" என்று கருவியே குரல் கொடுக்கும். எண் முகவரிகளைத் தட்டச்சு செய்யும் தொல்லை ஒழிந்தது. இவ்விரண்டையும் அடிப்படையாகக் கொண்டு 2010இல் வந்த ஏர்பிரிண்ட், கைப்பேசியிலிருந்து இயக்கி நிரல் இல்லாமலே அச்சிட வழி செய்தது.

தமிழ்க் கோப்புகளின் நிலை

இயந்திரங்கள் பேசிக்கொண்டாலும், கோப்பில் உள்ள தமிழைப் படிக்க முடியுமா என்ற கேள்வி தமிழ்ப் பயனருக்குத் தனியாக இருந்தது. ஒருங்குறி பரவும் முன்னர், எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தமக்கெனக் குறியேற்றம் வைத்திருந்தனர். கோப்பு அடுத்த கணினிக்கு ஒழுங்காகப் போய்ச் சேரும். அங்கே அந்த எழுத்துரு இல்லையென்றால், திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தோன்றும். 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற குறியேற்றங்களை அறிவித்தது. 2010இல் ஒருங்குறியை ஏற்றது. 2003இல் வெளியான சம்பாவின் மூன்றாம் பதிப்பு ஒருங்குறியை ஏற்றபின், தமிழில் பெயரிட்ட கோப்புகளையும் இரு வகைக் கணினிகளுக்கிடையே சிதையாமல் பகிர முடிந்தது. இங்கும் தீர்வு தந்தது ஒரு பொது உடன்பாடே.

திறந்த கதவின் ஆபத்து

இனி இரண்டாவது கேள்வி. பகிர்வு நெறிமுறைகள் தோன்றியபோது, வலையமைப்பில் இருப்பவர் அனைவரும் தெரிந்தவர்கள் என்ற எண்ணம் இருந்தது. இணையம் வந்ததும் அந்த எண்ணம் பொய்த்தது. விண்டோஸ் 95, 98 கணினிகளில் கோப்புப் பகிர்வை இயக்கியபடியே தொலைபேசி வழியாக இணையத்தில் இணைந்தவர்களின் கோப்புறைகள், முன்பின் தெரியாதவர்களுக்கும் எட்டும் நிலை ஏற்பட்டது. அவற்றின் பகிர்வுக் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறையில் ஒரு குறை இருப்பது 2000ஆம் ஆண்டு வெளிப்பட்டது. முதல் எழுத்தை மட்டும் சரியாக ஊகித்தாலே நுழைந்துவிடலாம். கடவுச்சொல் எவ்வளவு நீளமாக இருந்தும் பயனில்லை.

2004இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் திருத்தத் தொகுப்பு, தீயரண் என்னும் காவலைத் தொடக்கத்திலேயே இயக்கி வைத்தது. விண்டோஸ் விஸ்டாவோடு எஸ்எம்பியின் இரண்டாம் பதிப்பு வந்தது. நூற்றுக்கு மேற்பட்டிருந்த கட்டளைகள் 19 ஆகக் குறைந்தன. 2012இல் வந்த மூன்றாம் பதிப்பில், போய்வரும் தரவை மறையாக்கம் செய்யும் வசதி சேர்ந்தது. ஆயினும் பழைய கருவிகளுக்காக முதல் பதிப்பும் பெரும்பாலான கணினிகளில் நீக்கப்படாமல் இருந்தது.

அதன் விலை 2017இல் தெரிந்தது. முதல் பதிப்பைக் கையாளும் விண்டோஸ் நிரலில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தும் கருவி ஒன்றை அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை வைத்திருந்தது. அது கசிந்து, 2017 ஏப்ரலில் இணையத்தில் வெளியானது. மே 12 அன்று வானாக்ரை என்ற தீநிரல் அதன்வழியே பரவத் தொடங்கியது. சில நாள்களில் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டி, திறக்கப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போடப்பட்டன. இதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சு 14 அன்றே வெளியிட்டிருந்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது. பாதிக்கப்பட்டவை, அந்தத் திருத்தத்தை நிறுவாத கணினிகள். அதே மே மாதத்தில் சம்பாவிலும் ஒரு பெரிய ஓட்டை கண்டறியப்பட்டு அடைக்கப்பட்டது. 2021இல் விண்டோஸின் அச்சுச் சேவையிலும் இத்தகைய குறை வெளிப்பட்டது. திறந்த மென்பொருளாயினும் மூடிய மென்பொருளாயினும், கவனிப்பாரற்ற கதவு ஆபத்தே.

2017இன் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, எஸ்எம்பி முதல் பதிப்பு புதிய கணினிகளில் இயல்பாக நிறுவப்படுவதில்லை. விண்டோஸ் 7உடன் 2009இல் வந்த, வீட்டுப் பகிர்வை எளிதாக்கும் ஹோம்குரூப் வசதியும் 2018இல் நீக்கப்பட்டது. இணையச் சேமிப்பகங்கள் அதன் இடத்தைப் பிடித்தன.

வரலாறு தரும் பாடம்

இன்று பலர் பக்கத்து அறைக் கணினிக்குக் கோப்பை அனுப்பவும் இணையச் சேமிப்பகத்தை நாடுகின்றனர். கோப்பு கடல் கடந்து சென்று பக்கத்து அறைக்குத் திரும்பி வருகிறது. எளிமைதான். ஆனால் குடும்ப நிழற்படங்களும் ஆதார் படிகளும் வேறொருவரின் கணினியில் தங்குகின்றன. வீட்டுக்குள்ளேயே பகிர்வதற்கான மொழியும் கருவியும் இன்று எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துவோர், மேற்கண்ட வரலாற்றிலிருந்து சிலவற்றைக் கைக்கொள்ளலாம்.

• முழு வட்டையும் பகிராமல், பகிர்வுக்கென்று ஒரு கோப்புறையை மட்டும் ஒதுக்க வேண்டும்.
• கடவுச்சொல் இல்லாத பகிர்வைத் தவிர்க்க வேண்டும். பார்ப்பதற்கு மட்டும் அனுமதி போதுமானால், திருத்தும் அனுமதி தரக்கூடாது.
• எஸ்எம்பி முதல் பதிப்பு இயங்கினால் நிறுத்திவிட வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்களைத் தள்ளிப்போடக்கூடாது.
• தொடர்வண்டி நிலையம், உணவகம் போன்ற பொது இடங்களின் வைஃபையில் இணையும்போது அதைப் பொது வலையமைப்பு என்றே கணினிக்குக் குறிப்பிட வேண்டும்.
• பகிர்வு வேறு, காப்புப்படி வேறு. முக்கியமான கோப்புகளின் ஒரு படியை வலையமைப்பில் இணையாத தனி வட்டில் வைத்திருக்க வேண்டும். வானாக்ரை போன்ற தீநிரல் தாக்கினாலும் அந்தப் படி தப்பும்.

ஒரு லேசர் அச்சுப்பொறியைப் பலர் பயன்படுத்த வேண்டும் என்ற எளிய தேவையில் தொடங்கியது இவ்வரலாறு. மொழி பொதுவானபோதெல்லாம் பகிர்வு வளர்ந்தது. காவல் தளர்ந்தபோதெல்லாம் இழப்பு நேர்ந்தது. பொதுக்கிணறு எல்லோருக்கும் பயன்பட வேண்டுமானால், அதற்குச் சுற்றுச்சுவரும் வேண்டும்.